ஆம்பருக்குள் இருக்கும் இந்த ஈ புதிய சிற்றினமா? அப்படியென்றால் பெயர் வைப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: பால்டிக் ஆம்பர், அதாவது பால்டிக் கடல் பகுதியில் கிடைக்கும், பழங்கால மரப்பிசின் இறுகிக் கல்லான பொருள், என்று சொல்லி விற்ற ஒரு துண்டை வாங்கியிருக்கிறீர்கள். அதற்குள் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சிறிய ஈ இருக்கிறது. கைபேசியில் லென்ஸ் பொருத்தி எடுத்த மூன்று படங்களைக் காட்டி, இது என்ன ஈ, இதுவரை யாரும் பதிவு செய்யாததா, அப்படியானால் உங்கள் பாட்டியின் பெயரை இதற்கு வைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி மூன்று போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு ஈ புதியது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிந்துவிடும். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல ஆண்டுகளாக ஈக்களின் வகைப்பாட்டில் வேலை செய்கிறேன். நீண்ட உணர்கொம்பு உள்ள சின்ன ஈக்கள்தான் என் பக்கம். ஆம்பரில் இருப்பவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன், பாறையில் பதிந்தவற்றைக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆம்பர் பற்றி நான் சொல்வதற்குக் கூடுதல் எடையும், பாறை பற்றிச் சொல்வதற்குக் குறைந்த எடையும் கொடுங்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட படங்களை வைத்து, எந்தக் குடும்பம் என்பது வரை பெரும்பாலும் போகலாம். பேரினம் வரை எப்போதாவது போகலாம். சிற்றினம் வரை போக முடியாது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு சொல்லில் ஒரு லத்தீன் பெயரை யாராவது அடித்துச் சொன்னால், எந்த நரம்பைப் பார்த்து, எந்த முடியைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் படங்களில் எனக்கு உறுதியாகத் தெரிவது: இது ஈக்களின் வரிசையைச் சேர்ந்தது. இறக்கை ஒரே ஜோடி. இரண்டாவது படத்தில், இறக்கை அடிக்குப் பின்னால், காம்பும் தலையுமாக ஒரு சின்னக் குமிழ் தெரிகிறது. மற்றப் பூச்சிகளின் பின்னிறக்கை இருக்கும் இடத்தில் ஈக்களுக்கு இருக்கும் சமநிலை உறுப்பு அது. உணர்கொம்பு இறகு போலப் பொசுபொசுவென்று இருக்கிறது, எனவே இது ஆண். இப்படி உணர்கொம்பு உள்ள ஆண்கள் சில குடும்பங்களில்தான் உண்டு. கொசுக் குடும்பம் இல்லை. ஏனென்றால் நீண்ட உறிஞ்சுகுழல் இல்லை, இறக்கை நரம்புகளின் மேல் செதில்களும் இல்லை. கொசுவுக்கு நெருங்கிய உறவான கேயோபோரிடே குடும்பமும் இல்லை. அவற்றின் இறக்கையில் விளிம்பு வரை போகும் நரம்புகள் எண்ணிக்கையில் மிக அதிகம், உங்களுடையதில் கொஞ்சம்தான்.

மிச்சம் இரண்டு: கடிக்கும் நுண்ணீக்களான செரட்டோபோகோனிடே, கடிக்காத கைரோனமிடே. இந்த இரண்டையும் பிரிக்கும் எளிய இடம் இறக்கையின் நடுவே ஓடும் எம் நரம்பு. செரட்டோபோகோனிடேயில் அது பெரும்பாலும் இரண்டாகக் கிளைக்கும், கைரோனமிடேயில் கிளைக்காமல் விளிம்பு வரை ஒற்றையாகப் போகும். மூன்றாவது படத்தில் இடது இறக்கை ஓரளவு தட்டையாக விழுந்திருக்கிறது, அந்த நரம்பு கிளைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னங்கால்கள் நீண்டு முன்பக்கமாக நிற்பதும் அதற்கு ஒத்துவருகிறது. ஆகவே கைரோனமிடே என்பது ஏறக்குறைய உறுதி. ‘ஏறக்குறைய’ என்பதை நீக்க, மார்பின் பின்பகுதியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஒரு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அது உங்கள் எந்தப் படத்திலும் இல்லை. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாகப் போடும் ‘பிளட் வார்ம்’ இந்தக் குடும்பத்து ஈக்களின் புழுதான். நீரில் ஆக்சிஜன் குறைவான சேற்றில் வாழ்வதற்கு வசதியாக அதன் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பாக இருக்கிறது.

இதற்குக் கீழே போனால் தரை வழுக்க ஆரம்பிக்கும். கைரோனமிடேக்குள் துணைக்குடும்பம் எது என்று பார்க்க, முன்னங்காலில் பாதத்தின் முதல் கணுவையும் அதற்கு மேலுள்ள கால்பகுதியான டிபியாவையும் அளந்து ஒன்றை மற்றதால் வகுப்போம். கைரோனமினே துணைக்குடும்பத்தில் முதல் கணு பெரும்பாலும் டிபியாவைவிட நீளம். ஆர்த்தோகிளேடினேயில் குட்டை. உங்கள் ஈயின் முன்னங்கால் காமிராவை நோக்கி மடங்கியிருப்பதால் அதை இந்தப் படத்தில் அளக்கக் கூடாது. சாய்ந்து கிடக்கும் காலை அளந்தால் எண் வரும், ஆனால் அது பொய் எண். இன்னொரு வழி வயிற்றின் நுனியில் இருக்கிறது. ஆணின் பின்முனையில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இடுக்கி போன்ற உறுப்பு உண்டு. அதன் வெளிக் கணுவான கோனோஸ்டைலஸ், ஆர்த்தோகிளேடினேயில் மூட்டில் உள்நோக்கி மடங்கும். கைரோனமினேயில் மடங்காமல் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பேரினம், சிற்றினம் இரண்டையும் கடைசியில் தீர்மானிப்பதும் இந்த இடுக்கியின் வடிவம்தான். அது உங்கள் படத்தில் ஒரு வெள்ளைப் படலத்துக்குள் மறைந்திருக்கிறது.

அந்த வெள்ளைப் படலத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம். பிசினில் சிக்கிய பூச்சி அழுகும்போது வெளிவரும் வாயுவும் ஈரமும் சுற்றிலும் எண்ணற்ற நுண்குமிழிகளை உண்டாக்கி, பால் போன்ற மேகமாகத் தங்கிவிடுகின்றன. பால்டிக் ஆம்பரில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வழி செய்தால் போதும். அதற்குத் துண்டை ஈயின் உடலுக்கு இணையாகத் தேய்த்து ஒரு ஜன்னல் திறப்போம். நீர் ஊற்றி, மிக நுண்ணிய உப்புத்தாளில், அவ்வப்போது நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை. இறக்கை நுனிக்கு மேல் அரை மில்லிமீட்டர் ஆம்பர் மிச்சம் இருக்கும்போது நிறுத்தத் தெரிய வேண்டும். பழக்கம் இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம்.

தேய்க்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. துண்டின் மேல் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, அதன் மேல் மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்துப் பாருங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் ஆம்பரின் ஒளிவிலகலுக்கு ஓரளவு நெருக்கமானது. அதனால் மேற்பரப்பின் கீறல்கள் கண்ணுக்கு மறைந்துபோகும். இதுவரை பழுப்பாகக் கலங்கித் தெரிந்த இறக்கை திடீரென்று தனித்தனி நரம்பாகப் பிரியும். அடியிலிருந்து ஒளி விட்டு, குவியத்தை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால், முதலில் இறக்கை விளிம்பின் முடி வரிசை, அடுத்து முன் விளிம்பு நரம்பு, அது எந்த இடத்தில் முடிகிறது என்பது, பிறகு இரண்டு நீள நரம்புகளுக்கு நடுவே ஒரு சிறு குறுக்கு நரம்பு என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். ஈ ஆராய்ச்சியில் எனக்கு இன்றும் அலுக்காத நேரம் இதுதான். ஒவ்வொரு குவியத்திலும் ஒரு படம் எடுத்து மென்பொருளில் அடுக்கினால், எல்லா ஆழமும் தெளிவாக உள்ள ஒரே படம் கிடைக்கும். பெரிய நிறுவனங்களில் மைக்ரோ சிடி ஸ்கேனும், அதைவிடக் கூர்மையாக சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிரும் உண்டு. பால் மேகம் அவற்றுக்குப் பெரிய தடையில்லை.

இவ்வளவையும் தொடங்கும் முன் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும். அது ஆம்பர்தானா? ஈ உண்மையில் அதற்குள் அகப்பட்டதுதானா? விற்றவரைச் சந்தேகப்படச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியிருந்தது. லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பால்டிக் ஆம்பர் துண்டு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆம்பர் ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்மான் லோவின் சேகரிப்பிலிருந்து வந்து, 1922இல் அருங்காட்சியகத்துக்கு விலைக்கு வாங்கப்பட்டது. உள்ளே இருந்த ஈ, கழிவறைகளைச் சுற்றி இன்றும் வாழும் ஃபேனியா ஸ்கலாரிஸ். 1966இல் வில்லி ஹென்னிக் இதை ஆராய்ந்து எழுதினார். உயிரினங்களை அவற்றின் பரிணாமக் கிளைகளை வைத்து வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளம் போட்டவர் அவர். ஈக்களைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர்கள் அன்று அரிது. அந்த ஈ இன்றைய சிற்றினத்திலிருந்து பிரிக்கவே முடியாதபடி இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரு ஈ கொஞ்சமும் மாறாமல் இருந்திருக்கிறது என்பது அதிசயமான செய்தி. 1993இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் அதே துண்டை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தெரிந்தது. துண்டு நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டு, ஒரு பாதியில் குழி குடையப்பட்டு, அதற்குள் ஒரு சாதாரண ஈயை வைத்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஆம்பர் உண்மையானது. ஈ மட்டும் லோவின் காலத்தை ஒட்டியது.

இந்தக் கதையை வெறும் மோசடிக் கதையாக நான் சொல்லவில்லை. ஹென்னிக் அந்த ஈயைப் பற்றி எழுதியதில் உடலமைப்பைப் பொறுத்தவரை குறை இல்லை. அது உண்மையிலேயே ஃபேனியா ஸ்கலாரிஸ்தான். தவறு வெளியே வந்ததற்குக் காரணம், எந்தத் துண்டைப் பார்த்து எழுதினார் என்பது பதிவாகியிருந்தது, துண்டும் பொது நிறுவனம் ஒன்றில் எல்லாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் பத்திரமாக இருந்தது. அது யாருடைய வீட்டு அலமாரியிலாவது இருந்திருந்தால் இன்றும் பாடப்புத்தகத்தில் அதிசயமாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு புதைபடிவ ஈயை விவரிப்பதன் முழு நோக்கமும் இதற்குள் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். நமக்குப் பின்னால் வரும், நம்மை அறியாத ஒருவர், நாம் சொன்னது சரியா என்று திரும்பிப் பார்க்க வழி விட்டுவைப்பதுதான் அது. கீழே நான் சொல்லும் விதிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பு நன்றாகக் கரைத்த நீரில் ஆம்பர் மிதக்கும், கண்ணாடியும் பல வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் பாலிஸ்டைரீன் போன்றவையும் மிதக்கும் என்பதால் மிதப்பதை மட்டும் நம்ப முடியாது. இளம் பிசினான கோபாலில் ஒரு சொட்டு அசிட்டோன் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். ஆம்பர் அவ்வளவு எளிதில் இளகாது. இருந்தாலும் ஈ இருக்கும் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் பால்டிக் ஆம்பருக்கே உரிய ஒரு தட்டையான ‘தோள்’ தெரியும், அது நல்ல சான்று. துண்டுக்குள் நட்சத்திர வடிவில் நுண்ணிய முடிகள் தெரிந்தால் அவை ஓக் மரத்தினுடையவை. பால்டிக் ஆம்பரில் அடிக்கடி காணலாம். ஈயைச் சுற்றிக் கத்தி வெட்டு போன்ற நேர்க்கோட்டு ஒட்டு இருக்கிறதா, ஈ மிகக் கச்சிதமாக நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் படங்களில் எனக்கு அப்படி எதுவும் உறுத்தவில்லை. பால் மேகம் இருப்பதும் நல்ல அறிகுறிதான். ஆனால் இதை உறுதி என்று சொல்ல மாட்டேன், துண்டை நேரில் பார்த்தவர் சொல்ல வேண்டும்.

சரி, ஆம்பர் உண்மை, ஈ கைரோனமிடே, இடுக்கியும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதாவது புதியதா என்று சொல்ல முடியுமா? ஈயைப் பார்த்து மட்டும் முடியாது. இதுவரை பெயரிடப்பட்ட எல்லாவற்றோடும் ஒப்பிட்டால்தான் முடியும். வேலையின் பெரும்பகுதி நுண்ணோக்கியில் இல்லை, நூலகத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஈக்களில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பெயர் பெற்றிருக்கின்றன. பால்டிக் ஆம்பரில் அகப்பட்ட பூச்சிகளில் ஏறத்தாழ பாதி ஈக்கள்தான், ஆகவே பலர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பெயரிட்டுக்கொண்டு வருகிறார்கள். லோவ் 1850இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஃபெர்னாண்ட் மூனியே 1904இல் கைரோனமிடே உட்பட நான்கு குடும்பங்களுக்குப் பெரிய நூல் எழுதினார். அவர்களுடைய விவரிப்புகள் அந்தக் காலத்துக்கு ஏற்றவை. இன்று நாம் சிற்றினத்தைப் பிரிக்கப் பார்க்கும் உறுப்புகள் பல இடங்களில் அவற்றில் சொல்லப்படவே இல்லை. நூலில் ‘கால்கள் மெலிந்தவை, உடல் பழுப்பு’ என்று இருந்தால் உங்கள் ஈ அதுவா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? அவர்கள் பார்த்த அதே துண்டைத் தேடிப் போக வேண்டும். அது எப்போதும் கிடைக்காது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தின் ஆம்பர் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அதில் பெரும்பகுதி தொலைந்தது, காப்பாற்றப்பட்ட பகுதி இப்போது ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருக்கிறது. துண்டு தொலைந்த பெயர்கள் இன்னும் அந்தரத்தில் நிற்கின்றன. எந்த ஈயைக் குறிக்கின்றன என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. நீல் எவன்ஹுயிஸ் 1994இல் வெளியிட்ட உலகப் புதைபடிவ ஈக்களின் பட்டியலில் தொடங்கி, அதற்குப் பின் வந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவதுதான் நடைமுறை.

ஒப்பிடும்போது வேறுபாடு தென்பட்டாலும் உடனே குதிக்கக் கூடாது. ஆணும் பெண்ணும் வேறு வேறு முகம் காட்டும். பழைய நூல்களில் ஒரே சிற்றினத்தின் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று இருப்பது புதிதல்ல. புழுவாக இருந்தபோது சரியாகத் தின்னாத ஈ சின்னதாக வளரும், எனவே அளவை மட்டும் நம்பக் கூடாது. பிசின் இறுகும்போது உடல் சுருங்கும், ஒரு பக்கம் நசுங்கும். நிறம் கிட்டத்தட்ட எதற்கும் உதவாது, ஆம்பரில் எல்லாமே பழுப்பாகித்தான் கிடக்கும். ஒரே ஒரு ஈயை வைத்துக்கொண்டு, இந்த வேறுபாடு சிற்றினத்தினுடையதா, இந்த ஒரு ஈயினுடையதா என்று பிரிப்பது கடினம். கோனோஸ்டைலஸின் வடிவம், அதன் உள்விளிம்பில் உள்ள பற்கள், இறக்கை நரம்புகளின் ஒழுங்கு போன்றவை ஒரே சிற்றினத்துக்குள் அதிகம் ஆடாதவை. ஆதலால் வேறுபாடு அவற்றில் இருந்தால் என் நம்பிக்கை கூடும். காலின் நீளம் பத்து சதவீதம் கூடுதல் என்பது மட்டும் இருந்தால் நான் பெயர் வைக்க மாட்டேன். வேறு சில ஆய்வாளர்கள் வைப்பார்கள். இந்த இடத்தில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மரபணுவை எடுத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1990களில் ஆம்பர் பூச்சியிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக வந்த அறிவிப்புகளை மற்றவர்கள் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. அந்த வழி மூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பாறைப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஈ காகிதம் போலத் தட்டையாகியிருக்கும். இறக்கை நரம்பு நன்றாகத் தெரியும், பின்முனை இடுக்கி பெரும்பாலும் தெரியாது. அதனால் முடிவுகள் அதிகமும் இறக்கையை வைத்துத்தான். அதனாலேயே பிழைகளும் நேர்கின்றன, அருமையான திருத்தங்களும் நேர்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் ஃப்ளோரிசன்ட் என்ற இடத்தில், சுமார் 3.4 கோடி ஆண்டு பழைய ஏரிப் படிவில் கிடைத்த பெரிய ஈ ஒன்றை சாமுவேல் ஸ்கடர் 1892இல் பாட் ஈக்களின் (புழு விலங்குகளின் உடலுக்குள் வளரும் ஈக்கள்) கூட்டத்தில் வைத்துப் பெயரிட்டார். பின்னால் தியோடர் காக்கரெல் அதைப் பார்த்து, இது ரத்தம் குடிக்கும் செட்சி ஈ என்று சொன்னார். இன்று செட்சி ஈ ஆப்பிரிக்காவின் ஈ. அது ஒரு காலத்தில் வட அமெரிக்காவிலும் பறந்தது என்ற செய்தி, ஒரு பெயரைத் திருத்தியதால் கிடைத்தது. சரியான பெயர் வைப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி விவரிப்பு. முதலில் வேறுபடுத்தும் குறிப்பு: இந்த ஈயை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிக்கும் சில அம்சங்கள், ஓரிரு வாக்கியத்தில். அதற்குப் பின் தலை முதல் வயிற்று நுனி வரை முழு விவரிப்பு: கூட்டுக்கண்ணின் வடிவம், உணர்கொம்பின் கணுக்கள், கடைசிக் கணுவின் நீளத்துக்கும் மற்றவற்றின் மொத்த நீளத்துக்கும் உள்ள விகிதம், மார்பில் முள்முடிகள் எந்த வரிசையில் எத்தனை, இறக்கை நீளம், ஒவ்வொரு நரம்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, காலின் ஒவ்வொரு கணுவின் அளவு, இடுக்கியின் ஒவ்வொரு பாகம். புகைப்படத்தோடு கையால் வரைந்த படமும் வேண்டும். புகைப்படம் விழுந்த ஒளியையெல்லாம் காட்டும். வரைபடம், வரைந்தவர் எதை நரம்பு என்றும் எதை ஆம்பரின் விரிசல் என்றும் முடிவு செய்தார் என்பதைக் காட்டும். பின்னால் பார்ப்பவருக்கு அந்த முடிவுதான் தேவை.

இதில் நான் மாணவர்களிடம் மிகவும் வற்புறுத்தும் ஒன்று உண்டு. ‘இல்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் ஒன்றல்ல. மார்பில் ஒரு முள்முடி காணவில்லை என்றால், அது அந்த ஈக்கு இயல்பிலேயே இல்லாததா, பிசினில் துடித்தபோது உதிர்ந்ததா, மேகத்துக்குள் மறைந்ததா? உதிர்ந்திருந்தால் அது நின்ற இடத்தில் ஒரு சின்ன வட்டக் குழி, வெளிறிய வளையம் போலத் தெரியும். நல்ல ஒளியில் தேடினால் கிடைக்கும். குழியும் இல்லை, பரப்பும் தெளிவாக இருக்கிறது என்றால் மட்டுமே ‘இல்லை’ என்று எழுதலாம். மற்ற நேரங்களில் ‘தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும். பின்னால் வரும் ஆய்வாளர் இந்த ஒரு சொல்லை நம்பித் தன் பரிணாமக் கிளைப்படத்துக்கான அட்டவணையில், ‘இல்லை’ என்றால் பூஜ்யத்தையும் ‘தெரியவில்லை’ என்றால் கேள்விக்குறியையும் போடுவார். தவறான பூஜ்யம் ஒரு குடும்பத்தையே வேறு கிளைக்கு நகர்த்திவிடும்.

பெயரைப் பொறுத்தவரை, சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையத்தின் விதித்தொகுப்பு இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருக்கும் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. அழிந்துபோன ஈக்கும் உயிரோடு உள்ள ஈக்கும் விதி ஒன்றுதான். பெயரோடு வேறுபடுத்தும் விவரிப்பு வேண்டும். அந்தப் பெயரைத் தாங்கும் ஒரே மாதிரியை, ஹோலோடைப் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று எழுத வேண்டும். முறையாக வெளியிடவும் வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் வெளியீடு என்றால், 2012 முதல், விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் முன்பே பதிந்திருக்க வேண்டும். சமூக ஊடகப் பதிவிலோ நாம் எழுதிக்கொள்வது போன்ற பதிலிலோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அது பெயர் ஆகாது. சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட இதழில்தான் வர வேண்டும் என்று விதி சொல்லவில்லை, ஆனால் அந்த வடிகட்டல் இல்லாத பெயரைத் துறையில் யாரும் நம்பிப் பயன்படுத்துவதில்லை.

உங்கள் பாட்டியின் பெயர் தாராளமாக வைக்கலாம். பெண்ணின் பெயரானால் பொதுவாக லத்தீன் முறையில் இறுதியில் ‘ஏ’ விகுதி சேர்ப்பார்கள், ஆணானால் ‘இ’. ஆனால் பெயரை முடிவு செய்பவர் கட்டுரையை எழுதுபவர். துண்டைக் கொடுத்தவரின் விருப்பத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் மதிப்பார்கள், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு விலை உண்டு, துண்டு உங்களிடம் இருக்காது. விதி கண்டிப்பாக அருங்காட்சியகம் என்று சொல்லாவிட்டாலும், தனியார் கையில் உள்ள ஹோலோடைப்பை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை. ஏன் என்பதற்கு லண்டன் ஈயைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

எங்கிருந்து வந்தது என்ற தாளும் கேட்பார்கள். பால்டிக் ஆம்பருக்குச் சிக்கல் ஒப்பீட்டளவில் குறைவு. மியான்மரின் கச்சின் பகுதி ஆம்பர், சுமார் 9.9 கோடி ஆண்டு பழையது, அறிவியல் அளவில் அதைவிட அரியது. ஆனால் 2017 ஜூனில் சுரங்கப் பகுதி ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் போனது. அங்கே நடக்கும் மோதலுக்கு ஆம்பர் வியாபாரம் பணம் தருகிறது என்பதால், அதற்குப் பிறகு வெளிவந்த துண்டுகளை வைத்து எழுதும் கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கம் 2020இல் இதழ்களைக் கேட்டுக்கொண்டது. அந்தத் துண்டுகளை நானும் தொடுவதில்லை. உங்கள் துண்டு உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை விற்றவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அப்படியானால் உங்கள் ஈ புதியதாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? எண் சொல்ல மாட்டேன். கைரோனமிடே பால்டிக் ஆம்பரில் ஏராளம். அவற்றில் இன்னும் பெயர் பெறாதவை கணிசமாக உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே சமயம் ஏற்கனவே பெயர் பெற்ற, அடிக்கடி கிடைக்கும் ஒன்றாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பது அந்த மேகத்துக்குப் பின்னால் உள்ள இடுக்கியைப் பொறுத்தது. அதனால் இப்போதைக்கு இதைச் செய்யுங்கள்: கிளிசரின் சொட்டு முறையில், அடியிலிருந்து ஒளி விட்டு, இடது இறக்கையையும் வயிற்று நுனியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் படமெடுங்கள். அளவுகோல் ஒன்றும் படத்தில் இருக்கட்டும். முன்னங்கால் முழு நீளமும் ஒரே தளத்தில் தெரியும் கோணம் கிடைத்தால் அதுவும். பிறகு கிளிசரினை நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். துண்டை வெயிலிலும் விளக்குச் சூட்டிலும் வைக்காதீர்கள், ஆம்பர் காற்றிலும் ஒளியிலும் மெல்ல மெல்லச் செம்மையேறி வெடிக்கும். எண்ணெய், பசை, நகப்பூச்சு எதுவும் பூச வேண்டாம். எப்போது, யாரிடமிருந்து, எந்த ஊர்ப் பெயர் சொல்லி வாங்கியது என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதித் துண்டோடு ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். படங்களை இங்கே சேர்த்தால் துணைக்குடும்பம் வரை என்னால் சொல்ல முடியும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், பால்டிக் கைரோனமிடேயில் மட்டுமே வேலை செய்யும் ஆய்வாளர்கள் சிலர் இருக்கிறார்கள். இடுக்கி தெளிவாகத் தெரிந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.